கிளியரா இருக்குல்ல?

பழைய படம் என்று பேச்சை எடுத்தால் போதும், எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பிரிண்ட் கிளியரா இருக்கா?" என்பதுதான். நடிப்பு, கதை, பாட்டு எல்லாம் அப்புறம். இந்தக் "கிளியர்" என்கிற சொல்லின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு இருக்கிறது. இன்று அதைத் தாக்கல் செய்துவிடுகிறேன். பிடிக்காதவர்கள் போன வாரம் எழுதிய மீன் குழம்புக் கட்டுரையைப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். முப்பத்து நாலு வருஷம் புதுச்சேரி அரசில் குமாஸ்தா. பாதிக்கு மேல் பதிவேடுகளோடு போனது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகளை எங்கள் ஊரில் இன்றும் "எத்தா சிவில்" என்றுதான் சொல்வோம். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அந்தக் கையெழுத்தைப் படிக்கிற வேலை என் மேஜைக்கு வரும். நகல் எடுப்பதற்கு ஒரு விதி உண்டு. மூலத்தில் ஒரு பெயரில் எழுத்து விட்டுப்போயிருந்தால், நகலிலும் விட்டுத்தான் எழுத வேண்டும். எழுதினவன் தூங்கிவிட்டான் என்று எனக்கு நன்றாகவே தெரியும்; இருந்தாலும் திருத்தக் கூடாது. பாட்டன் பெயரில் நான் ஒரு எழுத்தை அழகுபடுத்தினால் பேரனுக்குப் பாரீஸில் காரியம் நின்றுபோகும். அதற்குப் பெயர்தான் உண்மை நகல். பிரெஞ்சில் "கோப்பி கோன்ஃபோர்ம்".

சினிமாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விற்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை. நகல் கொடுங்கள். அழகுபடுத்தாதீர்கள்.

"அந்த நாள்" படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1954. எஸ். பாலசந்தர் இயக்கம், மாருதி ராவ் ஒளிப்பதிவு. பாட்டே இல்லாத தமிழ்ப்படம் என்று எல்லோரும் சொல்வார்கள்; அதன் நிழலைப் பற்றி அவ்வளவு பேர் சொல்வதில்லை. முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு, சுவரில் ஆளை விடப் பெரிய நிழல். இதையெல்லாம் மாருதி ராவ் எந்தச் சட்டத்துக்குள் வைத்து எடுத்தார்? அகலம் 1.37, உயரம் 1. ஏறக்குறைய பழைய டெலிவிஷன் பெட்டியின் சதுரம். இன்றைக்கு நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற டிவி 1.78க்கு 1, அதாவது 16க்கு 9. அந்தப் படத்தை இந்தப் பெட்டியில் சரியாகப் போட்டால் இடது வலதில் இரண்டு கறுப்புப் பட்டை விழும். அது விழத்தான் வேண்டும். ஆனால் பட்டை விழுந்தால் ஜனங்களுக்குப் பிடிக்காது, காசு கொடுத்து வாங்கின கண்ணாடி வீணாகிறதாம். அதனால் விற்கிறவர் என்ன செய்கிறார்? ஒன்று, படத்தை இரண்டு பக்கமும் இழுத்து நிரப்புகிறார்; சிவாஜி குண்டாகிறார், பண்டரிபாய் குண்டாகிறார், சுவர்க் கடிகாரம் முட்டை வடிவமாகிறது. அல்லது பெரிதாக்கி மேலேயும் கீழேயும் வெட்டுகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடுகிறது.

கால் பங்கு என்றால் என்ன? குளோஸப்பில் நெற்றி போய்விடுகிறது. ஸ்ரீதரின் "நெஞ்சில் ஓர் ஆலயம்" 1962இல் வந்தது. வின்சென்ட் அந்த ஆஸ்பத்திரி செட்டுக்குள் கேமராவைக் கட்டிலுக்கு அடியில் எல்லாம் புகுத்தி எடுத்தார் என்பது அன்றைக்கு ஊர்ப் பேச்சு. மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளந்து வைத்தவரின் படம். சமீபத்தில் வெட்டின பிரதி ஒன்றைப் பார்த்தேன். தேவிகா பாதி நேரம் நெற்றி இல்லாமல் அழுகிறார். கீழே, கை கோத்திருக்கிற காட்சியில் கையைக் காணோம். ஆனால் பிரிண்ட் ரொம்பக் கிளியர்!

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது வேறு. ஒரு காலத்தில் டிவி சதுரமாக இருந்தது, அப்போது சினிமாஸ்கோப் படங்களின் இரண்டு பக்கத்தையும் வெட்டினார்கள். த்ருஃபோவின் "லே கத்ர் சான் கூ", 1959, அகலப்படம், கறுப்பு வெள்ளை. ஒரு பையன் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி ஓடி ஓடிக் கடைசியில் கடலுக்கு வருவான். வாலிப வயதில் எங்கள் ஊரில் ஒரு வெள்ளைத்துணித் திரையில் முழு அகலத்தில் பார்த்தேன். கடல் நிஜமாகவே பெரிதாக இருந்தது. எண்பதுகளில் ராத்திரி வாடகைக்கு டெக் எடுத்துப் பார்த்த காலத்தில் அதே படத்தின் கேசட் ஒன்று கைக்கு வந்தது. 2.35 அகலத்தை 1.33க்குள் திணித்திருந்தார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போயிற்று. பையன் ஓடினான்; கடலில் ஒரு வாளித் தண்ணீர்தான் மிச்சம். சரி, பெட்டி சின்னது, என்ன செய்வது என்று அன்றைக்குச் சமாதானம் சொன்னார்கள். இப்போது பெட்டி அகலமாகிவிட்டது. இப்போது சதுரப் படங்களின் தலையையும் காலையும் வெட்டுகிறார்கள். பெட்டி எந்த வடிவத்தில் வந்தாலும் கத்தரிக்கோல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

தியேட்டர்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2012இல் "கர்ணன்" மறுபடி வெளியாகி நன்றாக ஓடியது. எனக்கும் சந்தோஷம்தான், பேரனை அழைத்துப் போனேன். அது ஓடியதும் பழைய படங்கள் வரிசை கட்டின. சுவரொட்டியில் "டிஜிட்டல் சினிமாஸ்கோப்" என்று பெரிய எழுத்து. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமே 1973இல் வந்த "ராஜராஜ சோழன்"தான். அதற்குப் பத்து வருஷம் முன்னால் எடுத்த படம் எப்படி ஸார் ஸ்கோப் ஆகும்? மேலும் கீழும் நறுக்கினால்தான் ஆகும். வெட்டிவிட்டு அதையே ஒரு சிறப்பு என்று போஸ்டரில் போடுகிற தைரியம் இருக்கிறதே, அதைத்தான் வியக்கிறேன்.

அடுத்தது, முகத்தைத் துடைக்கிற வேலை. பிலிம் என்பது ரசாயனம். ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் துகள்கள். வெளிச்சம் பட்ட துகள் மாறுகிறது, மாறாதது கழுவப்படுகிறது. அந்தத் துகள்கள்தான் படம். உற்றுப் பார்த்தால் திரையில் மெல்லிய மணல் நடுங்குவதுபோல் தெரியும். ஆங்கிலத்தில் "கிரெயின்" என்பார்கள். என் மாப்பிள்ளை இதைத்தான் "புள்ளி புள்ளியா இருக்கு மாமா, பிரிண்ட் சரியில்லை" என்கிறார். தங்கமான பிள்ளை, வங்கியில் நல்ல வேலை, இதில் மட்டும் எங்களுக்குள் ஒத்துவராது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. புள்ளி என்றால் பழசு, வழவழப்பு என்றால் புதுசு என்று விற்கிறவர்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழங்கஞ்சி என்று முத்திரை குத்துவீர்கள். கீறலும் தூசியும் வேறு, துகள் வேறு. கீறல் புரொஜக்டரில் ஓடி ஓடி விழுந்தது. பச்சைக்கோடு, எண்ணெய்க் கறை, ஒட்டுப் போட்ட இடத்தில் குதிப்பது, இதெல்லாம் வெளியிலிருந்து வந்த அழுக்கு. தாராளமாகத் துடையுங்கள், கும்பிடுகிறேன். நாங்கள் ரத்னாவிலும் ராமனிலும் பார்த்த பிரிண்டுகள் ஒன்றும் தங்கத் தகடு இல்லை. மூன்றாவது சுற்றில் எங்கள் ஊருக்கு வரும்போது மழை பெய்கிற மாதிரிதான் இருக்கும். நடுவில் கார்பன் தேய்ந்து திரை மங்கும், கொட்டகையே விசிலடிக்கும். அந்த மழைக்காக நான் ஏங்கவில்லை. பதிவேட்டின் மேல் ஒட்டடை இருந்தால் துடைப்பேன். துடைக்கிற வேகத்தில் மையையும் சேர்த்துத் துடைத்தால் எனக்கு மெமோ வரும்.

இங்கே மை துடைக்கப்படுகிறது. கம்ப்யூட்டருக்குத் துகளும் தெரியாது தோலும் தெரியாது. இரண்டும் சின்னப் புள்ளிகள். துகளை வழிக்கும்போது கூடவே தோலின் துவாரம், வேர்வை, மீசையின் தனி மயிர், புடவையின் நெசவு எல்லாம் போகின்றன. மிச்சம் மெழுகு பொம்மை. இது நம் ஊர்க் கம்பெனிகளின் குறை மட்டும் இல்லை. ஹாலிவுட்டின் "பிரிடேட்டர்" 1987 படம். 2010இல் புதிதாக ஒரு புளூரே போட்டார்கள். காட்டுக்குள் சேற்றில் புரண்டு எழுந்த ஷ்வார்ஸ்நெக்கர் அதில் பவுடர் பூசிய பிளாஸ்டிக் ஆளாக இருக்கிறார். உலகம் முழுக்கக் காறித் துப்பினார்கள், இன்றும் மோசமான வட்டுக்கு உதாரணம் என்றால் அதைத்தான் சொல்கிறார்கள். அங்கே துப்புவதற்கு ஆள் இருந்தது. இங்கே கைதட்டுகிறோம்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. துகள் ஒவ்வொரு பிரேமிலும் மாறும். மாறுவதையெல்லாம் அனுப்ப வேண்டுமென்றால் டேட்டா அதிகம் செலவாகும். புளூரே வட்டில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. இணையத்தில் அதே ஹெச்டிக்கு ஐந்தைச் சுற்றித்தான் கொடுப்பார்கள். எனவே ஓடிடிக்காரர்களுக்குத் துகள் ஒரு செலவு. ஏவி1 என்று புதிய முறை ஒன்று வந்திருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் பயன்படுத்துகிறது. அதில் அசல் துகளை முதலில் வழித்து எடுத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பெட்டியில் செயற்கைத் துகளைத் தூவிக் காட்டுகிற வசதி இருக்கிறது. சமையல்காரர் உப்பை எடுத்துவிட்டு இலையில் வந்து தூவுகிற கதை. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மாருதி ராவின் உப்பு இல்லை.

டிவி கம்பெனிகள் செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. சினிமா நொடிக்கு 24 பிரேம். பெட்டி நடுவில் இல்லாத பிரேம்களைத் தானே கற்பனை செய்து நுழைக்கிறது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், பெயர்தான் வேறு. விளைவு, எந்தப் படத்தைப் போட்டாலும் ராத்திரி எட்டரை மணி சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். டாம் குரூஸே 2018 டிசம்பரில் ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். விமானத்தில் தொங்குகிற மனுஷன், இதற்குப் பயப்படுகிறார். மறுவருஷமே "ஃபிலிம்மேக்கர் மோட்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உங்கள் ரிமோட்டில் அது இருந்தால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் "விவிட்" என்பதை விட்டு "சினிமா" என்பதற்குப் போய், ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்து, மோஷன் என்று எது கண்ணில் பட்டாலும் அணைத்துவிடுங்கள். முதல் பத்து நிமிஷம் மங்கலாகத் தெரியும். கண் பழகிவிடும். பி.சி. ஸ்ரீராம் "நாயகன்" படத்துக்குத் தேசிய விருது வாங்கியது அதன் இருட்டுக்காகவும்தான். விவிட் மோடில் வேலு நாயக்கர் வீட்டில் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம் அடிக்கிறது.

"தாத்தா, உங்களுக்குக் கண் சரியில்லை" என்று வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது. போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் செய்துகொண்டேன். வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது, பேத்தியின் ஊதா கவுன் ஊதா என்று தெரிகிறது. துகள் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. ஆகவே அந்தக் கட்சியின் மனு தள்ளுபடி.

இனி இதன் வேரைப் பார்ப்போம். இப்படி வெட்டவும் துடைக்கவும் சாயம் பூசவும் இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஜான் ஹூஸ்டன் என்று ஓர் அமெரிக்க டைரக்டர். 1950இல் "தி அஸ்ஃபால்ட் ஜங்கிள்" என்று கறுப்பு வெள்ளையில் ஒரு திருட்டுக் கதை எடுத்தார். அவர் 1987இல் இறந்துபோனார். அதற்குள் படத்தின் உரிமை கை மாறி, வாங்கினவர்கள் அதற்குக் கம்ப்யூட்டரில் வர்ணம் பூசிவிட்டார்கள். பிரான்ஸில் "லா சேங்க்" என்கிற டிவி அந்த வர்ணப் பிரதியை ஒளிபரப்பத் தயாரானது. ஹூஸ்டனின் பிள்ளைகள் பிரெஞ்சுக் கோர்ட்டுக்குப் போனார்கள். அமெரிக்கச் சட்டப்படி உரிமை கம்பெனிக்கு. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, மேல்கோர்ட்டில் தோற்று, கடைசியில் 1991 மே 28ஆம் தேதி பிரான்ஸின் உச்ச நீதிமன்றமான கூர் த கசாசியோன் தீர்ப்புச் சொன்னது. படைத்தவனுக்குத் தன் படைப்பு சிதையாமல் இருக்கும் உரிமை உண்டு, படம் எந்த நாட்டில் முதலில் வெளியானாலும் பிரான்ஸில் அது செல்லும் என்று. "த்ருவா மொரால்" என்பார்கள், தார்மிக உரிமை. காசு கொடுத்துப் படத்தை வாங்கலாம், இதை வாங்க முடியாது. நான் பிரெஞ்சுக்காரர்களின் எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்கிறவன் இல்லை, அவர்கள் காலத்து வரியைப் பற்றி எங்கள் அப்பா சொன்ன கதைகள் தனி. ஆனால் இந்தத் தீர்ப்புக்கு எழுந்து நிற்பேன்.

நம் சட்டம்? 1957 காப்புரிமைச் சட்டத்தைப் புரட்டுங்கள். 57ஆம் பிரிவில் ஆசிரியருக்கு இதே மாதிரி சிறப்பு உரிமை அழகாக இருக்கிறது. சபாஷ் என்று சொல்வதற்குள் 2ஆம் பிரிவில் ஆசிரியர் யார் என்று பாருங்கள். சினிமாவுக்கு ஆசிரியர், தயாரிப்பாளர். பாலசந்தர் இல்லை, மாருதி ராவ் இல்லை. பணம் போட்டவர். 2010இல் வந்த திருத்த மசோதாவில் டைரக்டரையும் ஆசிரியராகச் சேர்க்கலாம் என்று இருந்தது; 2012இல் அது சட்டமாகி வெளியே வந்தபோது அந்த வரி காணாமல் போயிருந்தது. குமாஸ்தா என்கிற முறையில் சொல்கிறேன், ஒரு வரி தானாகக் காணாமல் போகாது.

அதனால்தான் 1957இன் தெலுங்கு "மாயா பஜார்" 2010இல் வர்ணம் பூசிக்கொண்டு வந்தது. மார்கஸ் பார்ட்லி அந்தப் படத்தில் கறுப்பையும் வெள்ளையையும் வைத்தே நிலா வெளிச்சம் காட்டியவர். எப்படிக் காட்டினார் என்று இன்றும் ஒளிப்பதிவாளர்கள் பேசுகிறார்கள். வர்ணம் பூசும்போது அவர் உயிரோடு இல்லை. ஜனங்கள் ரசித்தார்கள், உண்மைதான். நிலாவுக்கு யாரோ பூசின நீலத்தை ரசித்தார்கள். 2025 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே போய், "அம்பிகாபதி" படத்தின் சோக முடிவை ஏஐயால் மாற்றிச் சுபமாக்கி வெளியிட்டார்கள். டைரக்டர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் உயிரோடு இருந்து, வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொல்லியும் நடந்தது. உயிரோடு இருப்பவர்கள் கதியே இது என்றால் பார்ட்லிக்கும் மாருதி ராவுக்கும் யார் வக்காலத்துப் போடுவது?

முடியாத காரியமா கேட்கிறேன்? உதய்சங்கரின் "கல்பனா" நம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948இல் வெளியான படம். ஸ்கோர்செஸியின் அமைப்பு அதை இத்தாலியில் பொலோஞ்ஞா நகரத்தில் வைத்துச் சீர்செய்து 2012இல் கான் விழாவில் காட்டியது. சதுரம் சதுரமாகவே இருந்தது. "பதேர் பாஞ்சாலி" நெகட்டிவ் 1993இல் லண்டன் லேபரட்டரியில் தீப்பிடித்துக் கருகியது. அதே பொலோஞ்ஞாவில் கருகின பிலிமை ஊறவைத்து, துளைகளைக் கையால் ஒட்டி, ஆயிரம் மணி நேரம் போல உட்கார்ந்து மீட்டார்கள். 2015இல் வந்த அந்தப் பிரதியைப் பாருங்கள். நாணல் பூவுக்கு நடுவில் துர்காவும் அப்புவும் ரயில் பார்க்க ஓடும்போது, மணல் நடுங்குவது தெரியும். தீயில் எரிந்த படத்துக்கு இருக்கிற துகள், பீரோவில் பத்திரமாக இருந்த நம் படத்துக்கு இல்லை.

இன்னொன்றும் கேட்டேன், பதில்தான் வரவில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் டிவிடியைக் காசு கொடுத்து வாங்கினேன். அட்டையில் "டிஜிட்டலி ரீமாஸ்டர்ட்". உள்ளே மேலும் கீழும் வெட்டு, முகமெல்லாம் மெழுகு, வலது மூலையில் படம் முழுக்கக் கம்பெனியின் சின்னம், இரண்டு பாட்டு மாயம். பெயர் வேண்டாம், ஒருவரை மட்டும் குறை சொல்வானேன். அந்த விலாசத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். நான் கேட்டது பணம் இல்லை. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவோம், யார், எப்போது, எதற்காக என்று. அதுபோல அட்டையின் பின்பக்கம் நாலு வரி அச்சிடுங்கள்: எந்த நெகட்டிவிலிருந்து எடுத்தது, மூலத்தின் அகலம் உயரம் என்ன, இதில் என்ன, எதை வெட்டினோம், துகளை வழித்தோமா. அப்புறம் வாங்குகிறவர் பாடு. ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. கடிதம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் அட்டை மட்டும் வந்தது. இரண்டையும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

"அந்த நாள்" படத்தின் வெட்டாத, இழுக்காத, துடைக்காத பிரதி எங்காவது முறையாக விலைக்குக் கிடைக்கிறது என்று இதைப் படிக்கிற யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் பரவாயில்லை.